மூன்று பேருக்கு ஒரு ஜன்னல்

“பாலம் வருது. பாலம் தாண்டுனதும் ஆறு இடது பக்கம் திரும்பும், பார்த்துக்கங்க” என்கிறார் கண்டக்டர். அவருடைய நெற்றி விமானத்தின் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. கீழே, பிரித்துப் போட்ட நூல்போல ஓர் ஆறு. அதன்மேல் தீக்குச்சியாக ஒரு பாலம். நடு இருக்கைக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டுகிறார். ஓர இருக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டே “உம்” கொட்டுகிறார். “திரும்பியாச்சு” என்று அறிவித்துவிட்டு, கண்டக்டர் குனிந்து, தன் இரண்டு பாதங்களுக்கும் நடுவே இருக்கும் நீலப் பெட்டியைப் பார்க்கிறார். மூடியில் சின்னதாக ஓர் எண் ஒளிர்கிறது. ஐந்து டிகிரி. அதற்கும் ஒரு தலையசைப்பு.

நகரப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் நடத்துநராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு ரத்த வங்கிக்காகச் சம்பளமில்லாமல் பெட்டி சுமக்கிறார். ஓர் ஊரில் யாரோ தானம் செய்த எலும்பு மஜ்ஜை, வேறோர் ஊரில் படுத்திருக்கும் யாருக்கோ போய்ச் சேர வேண்டும். கொடுத்தவர் பெயரும் இவருக்குத் தெரியாது, வாங்கப்போகிறவர் பெயரும் தெரியாது. வழியில் தூங்கக் கூடாது. பெட்டி கண்ணை விட்டு அகலக் கூடாது. யாரும் அதைத் தாண்டிப் போகாமலிருக்க, ஜன்னலோர இருக்கையை விட்டு மாறவே கூடாது. இவை அலுவலகம் போட்ட விதிகள். “இதுக்கு டிக்கெட் எடுக்கல சார்” என்பார், பெட்டியைக் காட்டி. “மடிக்குழந்தைக்கு எந்த வண்டியில டிக்கெட் கேட்டிருக்காங்க?”

குள்ளமான, உருண்ட உடம்பு. கால்களை அகட்டி வைத்துத்தான் நடப்பார், சமதரையிலும். விமானம் குலுங்கும்போது, வேலைக்காக அடிக்கடி அதே விமானத்தில் போகும் நானும் மற்றவர்களும் கைப்பிடியை இறுகப் பற்றுவோம். அவர் மட்டும் தொட்டிலில் கிடப்பவர்போல இரு பக்கமும் ஆடிக்கொடுப்பார். ஏறும் வரிசையில் நின்றாலும் வாய் சும்மா இருக்காது. முன்னால் நிற்பவர் கையிலுள்ள சீட்டை எட்டிப் பார்த்து, “இருபத்திரண்டா? உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எவ்வளவு எடம் கெடக்கு” என்பார். பணிப்பெண்கள் முதலில் முறைத்தார்களாம். இப்போது அவர் வந்தால் ஐந்து நிமிடம் முன்னதாகவே கூட்டம் அடங்கிவிடுகிறது என்று அவர்களுக்கும் சந்தோஷம். கதவு சாத்தியதும் மீசைக்குள் “ரைட்” என்பார். விமானம் நகரும். “ஒரு நாளாச்சும் நான் சொல்லாம கெளம்புதான்னு பார்த்துடணும் சார். ஆனா வாய் கேக்க மாட்டேங்குது.”

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாவது மாடியில் இரண்டு அறைகள். நாற்காலிகள் நான்கு இருந்தும் அவர் கதவோரம் நின்றபடிதான் பேசினார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். “ரிட்டையர் ஆகி ரெண்டு மாசம் இப்படியே நின்னாரு. ஏங்க உக்காருங்கன்னா, யாராச்சும் வருவாங்கங்கிறாரு. இந்த வீட்டுக்கு யாரு வரப் போறா? அந்தப் பொட்டி வந்த பொறகுதான் மனுஷன் உக்காரவே கத்துக்கிட்டாரு.” கண்டக்டர் மறுக்கவில்லை. ஓடும் வண்டியில் ஜன்னலோரம் உட்காருவது எப்படி இருக்கும் என்று அறுபது வயதில்தான் தெரிந்துகொண்டாராம்.

அப்படித் தாமதமாகக் கிடைத்ததாலோ என்னவோ, அந்த ஜன்னலைத் தன்னுடையது என்று அவர் நினைப்பதில்லை. “எனக்குப் பக்கத்துல இருக்கு சார், அவ்வளவுதான். சீட்டு ஒருத்தருக்கு, வேடிக்கை மூணு பேருக்கு.” ஷட்டரில் கை வைக்கும் முன் இரண்டு பேரிடமும் கேட்பார். “தொறக்கவா, மூடவா?” ஒருவர் திற என்றும் மற்றவர் மூடு என்றும் சொன்னால் கலங்க மாட்டார். “பஸ்ஸுல பார்க்காததா? மழைக்கு ஒருத்தன் மூடுவான், மூச்சுக்கு ஒருத்தன் தொறப்பான். நடுவுல நான்.” ஷட்டரை ஒரு சாண் இறக்குவார். இருவர் முகத்தையும் பார்த்து விரற்கடை ஏற்றுவார். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல, இருவருக்கும் பொறுக்கும் ஓர் இடம் வரும்வரை விட மாட்டார்.

தூங்கக் கூடாதல்லவா, அதற்காகவும்தான் இந்த அறிவிப்புகள். நிலம் தெரியாத நேரத்தில் மேகத்தைச் சொல்வார். “இது பஞ்சு மில் ஸ்டாப். அடுத்தது வண்ணான் துறை, எல்லாம் காயப்போட்டிருக்கு. யாரும் எறங்கலையா? ரைட், போலாம்.” குரல் தாழ்ந்து தாழ்ந்து, இயந்திரத்தின் முனகலோடு கலந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் எப்போது தூங்கினார், எப்போது மேகத்துக்குள் இறங்கி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. நான் பலமுறை அப்படி இறங்கியிருக்கிறேன்.

ஆனால் முதல் பயணத்தில் அவருக்கு நான் எதிராளி.

அன்று எனக்கு ஒற்றைத் தலைவலி. ஓர இருக்கை என்னுடையது. ஏறி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து இடது கண்ணில் ஊசியாக இறங்கியது. “ஷட்டரை மூடுங்க” என்றேன். கண்டக்டர் நடு இருக்கைப் பக்கம் திரும்பினார். “நீங்க என்னம்மா சொல்றீங்க?”

முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. காலில் புதுச் செருப்பு. கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். “கொஞ்ச நேரம் தொறந்திருக்கட்டுமே ஐயா” என்றாள்.

“தலை வெடிக்குதுங்க. இதென்ன பொருட்காட்சியா?” என்றேன். நான் சொன்னது அதேதான், ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

 பிறகு என்னைப் பார்க்காமல் கண்டக்டரிடம் சொன்னாள். போகிற ஊரில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். புருஷனுக்கு அவள் போவதில் சம்மதமில்லை. எட்டு நாளாகப் பேச்சில்லை, வழியனுப்பவும் வரவில்லை. வழியில் வரும் அடுத்த ஊரில் தண்ணீர்த் தொட்டி பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. “காலையில ஒரு மெசேஜ் மட்டும் வந்துச்சு ஐயா. ‘ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே வா, டேங்க் மேல நிக்கிறேன்’னு. வேற ஒண்ணும் இல்ல.”

“இவ்வளவு உயரத்துலேர்ந்து ஆள் தெரியுமாம்மா?”

“கண்ணாடி காட்டுவாரு. கல்யாணமான புதுசுல நான் மொட்டைமாடியில துணி காயப்போட்டா, டேங்க் மேலேர்ந்து கண்ணாடியால வெயில மூஞ்சியில அடிப்பாரு. சிரிப்பா வரும்.” கைப்பையின் வாரைத் திருகினாள். “கோவம் இருந்தா காட்ட மாட்டாரு. சும்மா நிப்பாரு.” பிறகு, “எடம் மாத்திக்கலாமா ஐயா?” என்றாள்.

கண்டக்டரின் முகம் விழுந்துவிட்டது. “முப்பத்தோரு வருஷத்துல உக்கார எடம் கேட்ட யாரையும் இல்லைன்னு சொன்னதில்லம்மா. இன்னிக்குச் சொல்ல வேண்டியிருக்கு.” பாதங்களுக்கு நடுவே இருந்த பெட்டியைக் காட்டி, அதில் என்ன இருக்கிறது என்று சொன்னார். அவள் பதறிக் கால்களை இழுத்துக்கொண்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. “பரவால்ல, தொறந்தே இருக்கட்டும், பொறுத்துக்கறேன்” என்றேன். வாய்தான் சொன்னது. இரண்டே நிமிடத்தில் குமட்டி, காகிதப் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. “நீங்க சும்மா இருங்க சார். நீங்களும் டிக்கெட் எடுத்தவர்தானே” என்றார் கண்டக்டர்.

பிறகு தன் கறுப்புக் கம்பளிக் கோட்டைக் கழற்றினார். அதை ஜன்னலின் மேல் கூடாரமாக விரித்து, ஒரு விளிம்பை இருக்கைக்கும் சுவருக்கும் இடையே செருகினார். தலையை உள்ளே விட்டு ஷட்டரைத் திறந்தார். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே வரவில்லை. கம்பளிக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. “ரயில் ரோடு... பெரிய ஏரி... ஊர் ஆரம்பிச்சாச்சு. டேங்க் ஒண்ணு. ரெண்டு. அம்மா, நாலு டேங்க் இருக்கே!”

“ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஐயா. மேல சிவப்பு வட்டம் போட்டிருக்கும்.”

“என் கண்ணுக்கு எல்லாம் பொட்டுப் பொட்டாத்தான் தெரியுது.” தலையை வெளியே எடுத்தார். இருந்த நாலு முடியும் நட்டுக்கொண்டு நின்றது. “வாம்மா, நீயே பாரு. சீக்கிரம்.”

அவள் தயங்கினாள். அவர் வயிற்றை எக்கி, முதுகை இருக்கையோடு ஒட்டி, குதிகால்களால் பெட்டியை அணைத்துக்கொண்டு, அந்த உருண்ட உடம்பை எப்படியோ தகடாக்கிக்கொண்டார். “நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். நீ பாரு.” அவள் அவர் குறுக்கே எக்கிக் கோட்டுக்குள் நுழைந்தாள்.

விமானம் எங்கேயும் போகாமல் நின்றுவிட்டதுபோல இருந்தது. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து அந்தக் கறுப்புக் கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவலியை யாரோ வாங்கி வைத்துக்கொண்டு பிறகு தருகிறேன் என்றதுபோல, அது எங்கோ தள்ளி நின்றது.

“மேகம் மறைக்குது” என்றாள் உள்ளேயிருந்து.  “போகுது... வட்டம் தெரியுது. வட்டம் தெரியுது ஐயா. ஒண்ணும் காணோமே...”

அவள் முதுகு அசையாமல் நின்றது. 

“காட்டுறாரு” என்றாள். மிக மெல்ல, தூக்கத்தில் பேசுவதுபோல. “காட்டுறாரு ஐயா. மின்னுது. நிக்கவே மாட்டேங்குது, ஆட்டிக்கிட்டே இருக்காரு.”

அதன்பின் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். அவள் தோள் குலுங்கக் குலுங்கக் கோட்டின் விளிம்பு நெகிழ்ந்து, ஓர் இழை வெயில் நழுவி என் முழங்காலில் விழுந்தது. கண்டக்டரின் முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது அந்த இடைவெளி. தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தால் அவரும் பார்த்திருக்கலாம். அவர் கண்களை மூடிக்கொண்டார். மூடியபடியே கையால் தடவி அந்த விளிம்பைக் கண்டுபிடித்து, இரண்டு விரல்களால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.