கடவுளுக்கு இரவல் தந்த கால்கள்

எங்கள் ஊர் வேதக்கோயில் உபதேசியார் சிவப்பு மையில் 'சரி' போட்ட புரூஃப் தாள் ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மரக்காணத்தில் நான் டிடிபி கடை வைத்த புதிதில், தாம் எழுதிய சிருஷ்டிக் காவியத்தை அச்சுக்குத் தயார் செய்யக் கொடுத்தார். முதல் படலத்தில் கடவுள் உலகைக் கையால் செய்வதில்லை. ஈரக் களிமண்ணில் இறங்கி, இறுகும்வரை காலால் மிதிக்கிறார். பிறகுதான் கடலை உள்ளே விடுகிறார். உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் என் அம்மாவிடம் வரப்பில் நின்று கேட்டு எழுதியது அது. இழுப்பறையில் கிடக்கும் அந்தத் தாளை வாசித்துக் காட்டியபோது அம்மா தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமிக்கு என் காலயா குடுத்தாரு?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஏழாம் படலத்தை நான் வாசித்துக் காட்டவில்லை. அதில் பாவம் ஒரு பெண்ணாக வருகிறது. வெடித்த குதிகால், இடது காலை இழுத்து நடக்கும் நடை, புருஷன் செத்த வருஷமே இன்னொருவனைச் சேர்த்துக்கொண்ட வீடு. அப்பா போன பிறகு அம்மா ஒரு லாரி டிரைவரோடு வாழ்ந்தாள். அதற்காக அவளைக் கோயில் படி ஏற விடாத மனிதர்தான் வரப்பில் நின்று பாத்தி மிதிப்பதைக் கேட்டுக்கொண்டு போனவர். உருவகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பெரிய வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்துக்கு நான் வைத்த பெயர் அது.

சாமியின் கால்களை மேடையில் வாசிக்கக் கேட்கத்தான் அம்மா புதுப்புடவை கட்டி வெளியீட்டு விழாவுக்கு வந்தாள். உபதேசியார் மேடையில் வாசித்தது ஏழாம் படலம். குதிகால் வரி வந்ததும் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அம்மா கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். எழுந்து போகவும் வழியில்லை. போனால் இழுத்துத்தானே நடக்க வேண்டும்.

போன மாதம் மறுபதிப்பு வேண்டுமென்று கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குப் பார்வை போய்விட்டது. ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்றார். ஏழாம் படலத்தை எடுத்துவிடவா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அது கெடக்கட்டும்டி. அது நான்தான்னு ஊருக்கே தெரியும். சாமி மண்ணு மிதிக்கிறாரு பாரு, அத எடுத்துடு. என் காலு இல்லாம அந்தாளு சாமி எப்படி ஒலகத்தப் பண்றாருன்னு பாக்கலாம்."

எடுத்தேன். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கட்டிலில் கிடந்த உபதேசியார் அட்டையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"சாமி மண்ணு மிதிக்கிற எடம் நல்லா வந்திருக்குதாம்மா?"

இழுப்பறையில் கிடக்கும் சிவப்பு மைத் தாளை நினைத்துக்கொண்டேன்.

"அப்படியே இருக்குதுங்க ஐயா" என்றேன்.