கம்பத்தடி உப்பு

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டுக்குள் எரிவாயுக் குழாய் ஒன்று போகிறது. அது துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. குழாயோடு கம்பி கோத்து, பக்கத்திலேயே மெக்னீசியக் கட்டிகளைப் புதைப்போம். ஆனோடு என்று பெயர். அரிப்பையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு அது கரையும், குழாய் தப்பிக்கும். எவ்வளவு பெரிய கட்டி எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்குப் போட்டு வடிவமைப்பதுதான் என் வேலை.

சேர்ந்த புதிதில், சீமைக்கருவேலத்தை ஒட்டிய கம்பம் ஒன்று என்னைப் படுத்தி எடுத்தது. கட்டி கரையும்போது குழாய்க்கு ஓடும் மின்னோட்டத்தை, வழிநெடுக நட்ட கம்பங்களில்தான் அளப்போம். இங்கே மட்டும் ஆனோடு கண்டபடி மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. மீட்டரை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். அந்த இடத்தில் மட்டும் டிரைவர் ஜீப்பை விட்டு இறங்கமாட்டார்.

"அந்த எடம் அப்பிடித்தான் சார்" என்றார்.

எரிச்சலாக வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஊர்க்கார அம்மா ஒருவரைப் பார்த்தேன். கம்பத்தடியில் உப்பும் மிளகும் கொட்டி, குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆனோடுக்குக் குழி வெட்டும்போதுதான் அவர் கணவர் வெயிலில் சுருண்டு விழுந்து செத்தாராம். கோயிலில் நோய் கரைய உப்புப் போடுவதுபோல, கணவர் பட்ட நோவு கரையட்டும் என்று போட்டிருக்கிறார். உப்புத் தண்ணீர் இறங்கிய மண்ணில் மின்சாரம் சுலபமாக ஓடும். கட்டியும் வேகமாகக் கரையும். காரணம் தெரிந்தும் என் பயம் போகவில்லை.

பாதி ஆயுளிலேயே ஆனோடு தீர்ந்தது. அதே குழியைத் தோண்டிப் புதிதை வைப்பதாக ஏற்பாடு. அந்த அம்மா கடப்பாரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் குழியத் தோண்டிராதீக சார். அவுக கடைசியா மிதிச்ச மண்ணு அது."

உப்புப் போடுவதை நிறுத்தச் சொல்லத்தான் போயிருந்தேன். அதை விட்டுவிட்டு, பழைய குழிக்குப் பக்கத்தில் வேறு குழி வெட்டச் சொன்னேன். அவர் உப்பையும் கணக்கில் சேர்த்து, பெரிய கட்டியாக வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ரீடிங் உயர்ந்தே இருக்கும். அவர் வந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். சில நாள், அவருடைய கணவர் இன்னும் கீழேதான் இருக்கிறார் என்றும் தோன்றும்.

இந்தக் கோடையில் ரீடிங் இறங்கிக் கிடந்தது. மண் வெடித்திருந்தது, உப்பின் சுவடே இல்லை. ஊருக்குள் விசாரித்தேன். மாசியில் அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாராம். கணக்குப்படி நல்ல சேதிதான், இனி ஆனோடு ரொம்பக் காலம் வரும்.

அடுத்த முறை போகும்போது வழியில் காளவாசல் கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தி ஒரு பாக்கெட் கல்லுப்பு வாங்கினேன். கம்பத்துக்குப் போனதும் டிரைவர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு, எனக்கு முன்னால் இறங்கினார்.