முந்நூறு கொடியும் சிவப்புப் புள்ளியும்

1. அம்மை போட்ட கொடிகள்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் விடுதலை நாளுக்கு, இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. அச்சடித்த முதல் நாற்பது கொடிகளைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் கயிற்றில் காயப்போட்டேன். காய்ந்ததும் போய்ப் பார்த்தால் வெள்ளைப் பட்டையெல்லாம் சிவப்புப் புள்ளி. ஒன்றிரண்டில் இல்லை, நாற்பதிலும். நாட்டுக்கு இன்னும் விடுதலையே வரவில்லை, அதற்குள் கொடிக்கு அம்மை போட்டுவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் பெயர் கமலம். அப்போது எனக்கு இருபது வயது. மலாக்கா காஜா பெராங்கில் சேகு முதலாளியின் அச்சுக்கூடத்தில் இரண்டு வருடமாகக் கடித உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் முதலாளி துணியில் அச்சடிக்க ஒரு ஸ்கிரீன் மேசை போட்டார். மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, உருவம் வெட்டிய தாளை அதில் ஒட்டி, மேலே சாயப்பசையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுக்க வேண்டும். அடியில் இருக்கும் துணியில் உருவம் விழும். சிவப்புக்கு ஒரு சட்டம், நீலத்துக்கு ஒரு சட்டம், மஞ்சளுக்கு ஒரு சட்டம்.

அந்த மேசைக்கு நான் போனதே நட்சத்திரத்தின் புண்ணியத்தில்தான். மலாயாக் கொடியின் நட்சத்திரத்துக்குப் பதினொரு முனை. முதலாளி வெட்டியதில் பத்து வந்தது. சாயம் கலக்கும் ஆ செங் வெட்டியதில் பன்னிரண்டு வந்தது. இரண்டு பேரும் தாளை மாற்றி மாற்றி எண்ணிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பசைக் கையைத் துடைத்துவிட்டு ஒரு பிளேடை வாங்கி வெட்டிக் கொடுத்தேன். முதலாளி மூன்று தரம் எண்ணினார்.

"பதினொண்ணுதான். புள்ள, நீ நாளையிலேர்ந்து உறை ஒட்ட வேணாம். ஸ்கிரீனுக்கு வந்துரு."

அன்று வீட்டுக்கு நான் நடந்து போனதாக ஞாபகம் இல்லை, பறந்துதான் போயிருப்பேன். ஸ்கிரீன் மேசையில் நிற்கிற பெண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

முதல் பெரிய வேலை இந்தக் கொடிகள்தான். தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் சாமிநாதன் வாத்தியார் பிள்ளைகள் ஊர்வலத்தில் பிடித்துப் போவதற்கு முந்நூறு கொடி கேட்டிருந்தார். புள்ளி வந்த மறுநாள் காலையிலேயே பார்க்க வந்தார். ஒரு கொடியை எடுத்து மூக்குக்கண்ணாடி அருகில் பிடித்தார்.

"என்ன சேகு, ரத்தம் தெளிச்ச மாதிரி இருக்கு? சொட்டு ரத்தம் சிந்தாம சுதந்திரம் வருதுன்னு நான் வகுப்புல சொல்லிக்கிட்டிருக்கேன். இத எப்படி புள்ளைங்க கையில குடுக்கிறது?"

"சரி பண்ணிடுறேன் வாத்தியார்."

"இந்த ஓரத்த பாருங்க. செவப்பு வெள்ளைக்குள்ள கசிஞ்சு போயிருக்கு. நாலு நாள் கழிச்சு வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா எனக்கு வேணாம். காகிதத்துல செஞ்சுக்கிறோம்."

அவர் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா புள்ள? வாத்தியார் வேணாம்னுட்டா இந்த மேசைய கழட்டிப் போட்ருவேன். நீ பழையபடி உறை ஒட்டப் போயிடு."

மேசை போனால் அவருக்கு ஒரு மேசை போகும். எனக்கு எல்லாமே போய்விடும்.

2. யார் மேல் சந்தேகம்

குறைகள் இரண்டு. வெள்ளையில் சிவப்புப் புள்ளி ஒன்று, பட்டையின் ஓரத்தில் கசிவு ஒன்று.

புள்ளிக்கு முதல் சந்தேகம் சட்டத்தின் மேல். பட்டுத்துணியில் ஊசித்துளை இருந்தால் சாயம் அதன் வழியே இறங்கும். சட்டத்தை வெயிலுக்கு எதிரே பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். இரண்டு துளை இருந்தன, அரக்கு வைத்து அடைத்தேன். புள்ளி வந்தது. ரப்பர் பட்டையை மாற்றினேன். வந்தது. மேசை மேல் விரித்த கம்பளியைத் துவைத்தேன். வந்தது. வேறு கட்டுத் துணி பிரித்தோம். அதிலும் வந்தது.

அடுத்த சந்தேகம் முதலாளியின் வாய் மேல். அவர் ஓயாமல் வெற்றிலை போடுவார். பேசினால் சாரல் அடிக்கும். சிவப்புப் புள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் உண்டா? ஒரு நாள் முழுக்க அவர் மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் துணிமேல் செய்தித்தாளை விரித்து மூடினேன்.

"ஏன் புள்ள, நான் வந்தா மூடுற?"

"தூசி மொதலாளி."

"நானா தூசி?"

அன்றைக்கும் புள்ளி வந்தது. முதலாளியின் வாய்க்கு விடுதலை கிடைத்தது.

கசிவுக்கு ஆ செங்கைத்தான் சந்தேகப்பட்டேன். பசை நீர்த்துப் போனால் சாயம் ஓரத்தில் ஓடும். ஆ செங் நாற்பத்தைந்து வயதுக்காரர், சந்தைத் தமிழ் நன்றாகப் பேசுவார். தன் பசையைப் பற்றிக் குறை சொன்னால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. குச்சியை டப்பாவில் முக்கித் தூக்கி, பசை மெதுவாக இறங்குவதை எனக்குக் காட்டுவார்.

"பாரு தங்காச்சி. தேன் மாதிரி. நான் தண்ணி போடல. சும்பா!"

தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார். பிறகு காப்பி குடிக்கப் போய்விட்டு வருவார். வந்து ரப்பரை இழுத்தால் பசை ரசம் மாதிரி ஓடும். "உன் சட்டம் சரியில்ல" என்பார். "உங்க பசை சரியில்ல" என்பேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன் மேசைக்கு வந்த நாள் முதல் நான் தினமும் எல்லோருக்கும் முன்னால் வேலைக்கு வந்துவிடுவேன். ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது வீட்டில் கரைத்த மஞ்சள் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய்ச் சன்னிதியில் வைத்து வேண்டிக்கொண்டு எடுத்து வந்திருந்தேன். அன்றைக்கு அச்சடிக்கப்போகும் துணி அடுக்கைப் பிரித்து, வெற்றிலையால் தொட்டு ஒவ்வொரு துணியிலும் மூன்று சொட்டுத் தெளிப்பேன். வேலை கெடக்கூடாது என்றுதான். புள்ளி வர ஆரம்பித்த பிறகு மூன்றை ஏழாக்கினேன். புள்ளி அதிகமானது. பயந்துபோய் ஒவ்வொரு துணியிலும் முழுக்கத் தெளித்தேன். புள்ளி இன்னும் அதிகமானது. பிள்ளையாருக்கு என்மேல் என்ன கோபம் என்று அழுகை வந்தது.

ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடினானாம் ஒருவன். அவனாவது ஆட்டுக்குத் தினமும் தண்ணீர் காட்டவில்லை.

3. மீன் கறி

வாத்தியார் வருவதற்கு ஒரு நாள் பாக்கி. நூற்று எண்பது கொடி அச்சாகியிருந்தது, ஒன்றுகூடக் கொடுக்கிற மாதிரி இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரை மேசை ஓரத்தில் வைத்துத் திறந்தேன். மூடியைத் தூக்கிய வேகத்தில் மீன் கறி ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் விழுந்தது. மஞ்சளாகப் பரவியது.

"அல்லாமா! சாப்பாட வெளிய சாப்பிடு!" என்று ஆ செங் கத்திக்கொண்டு சோப்புத் தண்ணீர்ப் பழந்துணியை எடுத்துத் தேய்த்தார்.

மஞ்சள் கறை எங்கள் கண் முன்னாலேயே சிவந்தது.

அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கயிற்றில் தொங்கிய கொடிகளைப் பார்த்தேன். அதே சிவப்பு, செங்கல் நிறம். மஞ்சள் பட்ட துணியைச் சோப்புப் போட்டால் சிவக்கும். அடுப்படியில் கால் வைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி இது. வீட்டில் எத்தனை ரவிக்கையில் பார்த்திருக்கிறேன்! என் சொட்டுகள் புதுத் துணியின் பழுப்பில் கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்து கிடந்திருக்கின்றன. கடைசியில் சோப்புத் தண்ணீரில் அலசும்போது ஒவ்வொன்றும் எழுந்து வந்து சாட்சி சொல்லியிருக்கிறது.

சொல்லாமல் விட்டுவிடலாம், நாளையிலிருந்து தெளிப்பதை நிறுத்திவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் ஆ செங்கை நான் பேசிய பேச்சு நெஞ்சில் குத்தியது. கேரியரை மூடிவிட்டு முதலாளியின் மேசைக்குப் போனேன். ஆ செங்கும் பின்னாலேயே வந்தார். மஞ்சள் பாட்டிலை முன்னால் வைத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலாளி பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்.

"நூத்தி எம்பது கொடிக்கும் தெளிச்சியா?"

"ஆமா மொதலாளி."

"ஒண்ணு விடாம?"

"அடுக்கு முழுக்க."

"சரி. புள்ளிக்கு நீதான் காரணம். அப்ப ஓரத்துல கசியறது?"

"அது நான் இல்ல மொதலாளி. நான் பசையத் தொட்டதே இல்ல."

"நானும் இல்ல. சும்பா!" என்றார் ஆ செங்.

நாங்கள் இரண்டு பேரும் முதலாளியைப் பார்த்தோம். முதலாளி கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக மேசை டிராயரை இழுத்து ஒரு பாட்டிலை எடுத்து என் பாட்டில் பக்கத்தில் வைத்தார்.

"ஓதி வாங்கின தண்ணி" என்றார் தணிந்த குரலில். "ஆ செங் காப்பி குடிக்கப் போவான்ல, அப்ப டப்பாவுல கொஞ்சமா ஊத்துவேன். பரக்கத்தா, விருத்தியா இருக்கட்டும்னு. கசிய ஆரம்பிச்சதும் கொஞ்சம் கூட ஊத்துனேன்."

"எவ்வளவு கூட?" என்று ஆ செங் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அரை பாட்டில்."

அவருடைய தண்ணீரும் ஜாலான் துக்காங் எமாஸிலிருந்துதான் வந்திருந்தது. ஒரே தெருவில் கோயிலிலிருந்து ஒரு பாட்டில், பள்ளிவாசலிலிருந்து ஒரு பாட்டில். இரண்டு பக்கத்து அருளையும் சேர்த்து நூற்று எண்பது கொடியால் தாங்க முடியவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே.

முதலில் சிரித்தவர் ஆ செங். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து முதலாளி. அழுத கண்ணோடு நானும் சிரித்தேன். அப்படியொரு சிரிப்பு என் வாழ்நாளில் சிரித்ததில்லை.

4. வெயில்

சிரித்து முடித்தால் வேலை அப்படியே கிடந்தது. ஆனால் நோய் தெரிந்துவிட்டது. சோப்பு சிவப்பாக்கியதைப் புளிப்பு திரும்ப மஞ்சளாக்கும், மஞ்சளை வெயில் வெளுக்கும். முதலாளி சந்தைக்குப் போய் ஒரு கூடை எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். ஓரம் மோசமாகக் கசிந்த அறுபது கொடிகளை ஒதுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் எலுமிச்சைத் தண்ணீரில் அலசினோம். கயிறு போதவில்லை. வேலியில் போட்டோம், செடியில் போட்டோம், பக்கத்து வீட்டுக் கூரையில் கேட்டுக்கொண்டு போட்டோம். சாலையோரம் முழுக்கக் கொடி.

பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டி "மெர்டேக்கா!" என்று கத்தினார்கள். நாலு நாள் முன்னதாகவே காஜா பெராங்கில் விழா தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். முதலாளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பதிலுக்குக் கை ஆட்டினார். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி ஒரு கொடிக்குச் சல்யூட் அடித்தார். நான் அந்தக் கொடியைத் திருப்பிப் போட்டேன், அந்தப் பக்கமும் வெயில் படவேண்டுமே.

மறுநாள் பத்து மணிக்கு மேகம் கறுத்தது. மூன்று பேரும் ஓடினோம். முதலாளி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரைமேல் ஏறியதை அந்த வட்டாரமே வேடிக்கை பார்த்தது. நல்லவேளையாக நாலு தூறலோடு நின்றது. திரும்பவும் விரித்தோம். மத்தியானத்துக்குள் புள்ளிகள் போய்விட்டன. இடையில் ஆ செங் தேன் மாதிரிப் பசை கலக்கி டப்பாவை விட்டு நகராமல் உட்கார்ந்துகொள்ள, காப்பியை முதலாளியே வாங்கி வந்து கொடுத்தார். பாக்கிக் கொடிகள் கத்தி வைத்து வெட்டியது போல விழுந்தன.

சாயங்காலம் வாத்தியார் வந்தார். ஒரு கொடியை விரித்துப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எப்படி சரி பண்ணீங்க?"

"தண்ணிய நிறுத்திட்டோம் வாத்தியார்" என்றார் முதலாளி.

5. ஊர்வலம்

மெர்டேக்கா அன்று பண்டார் ஹிலிர் மைதானத்தில் மூன்று பேரும் சேர்ந்து நின்றோம். முதலாளி புதுச் சொங்கோக் தொப்பி, ஆ செங் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நான் பச்சைப் புடவை. ஜனங்கள் பாண்டு வாத்தியத்தைப் பார்த்தார்கள். நாங்கள் வெள்ளைப் பட்டையைப் பார்த்தோம். பிள்ளைகள் கூட்டமாக வந்தபோது கொடி கொடியாகப் பார்த்தோம். முந்நூறும் சுத்தம்.

அப்போது ஒரு சிறுமியின் கொடியில், வெள்ளைக்கு நட்ட நடுவில், சிவப்பாக ஒரு சொட்டு. முதலாளி என் கையைப் பிடித்தார். ஆ செங் கூட்டத்துக்குள் புகுந்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"சிராப்! அது ரோஸ் சர்பத் தண்ணி! அந்தப் புள்ள குடிச்சது!"

"நம்ம மேல பழி இல்ல!" என்று முதலாளி துள்ளிக் குதித்தார். பக்கத்தில் நின்றவர்கள் நாட்டுப்பற்று என்று நினைத்துக் கை தட்டினார்கள். கூட்டம் கலையும்போது அவர் என்னிடம் சொன்னார்:

"புள்ள, திங்கக்கெழம சீக்கிரம் வா. சட்டம் எல்லாம் உன் பொறுப்பு. இனிமே மேசைக்கு நீதான் கங்காணி."

அந்த மேசையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் அச்சுக் கெட்டுப்போய் வந்து நின்றால், என்ன தப்பு செய்தாய் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள், தெரிந்தால்தானே சொல்வதற்கு. நான் கேட்பது ஒன்றுதான்: "நல்லதுன்னு நெனச்சு என்ன செஞ்ச?"

இப்போது எல்லாம் சப்லிமேஷன். கணினியிலிருந்து தாளில் இங்க்ஜெட் அச்சு, தாளைத் துணிமேல் வைத்துச் சூட்டில் அழுத்தினால் படம் துணிக்கு ஏறிவிடுகிறது. எனக்கு அந்த மிஷினைத் திறக்கக்கூடத் தெரியாது. போன மாதம் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஜெர்சிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். எழுத்துக்குப் பின்னால் நிழல் மாதிரி இன்னொரு எழுத்து விழுகிறதாம். இங்க் வரும் நாஸில் செக் பண்ணியாயிற்று, இங்க் மாற்றியாயிற்று, தாள் மாற்றியாயிற்று, அழாத குறை. அவளிடமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன்.

"கலர் நல்லா ஏறட்டும்னு ஒவ்வொண்ணையும் ரெண்டாவது தடவ வச்சு அழுத்துறேன் ஆன்ட்டி" என்றாள்.

"ஒரு தடவை போதும்மா" என்றேன்.