ஜன்னல் வழியே விழும் கர்சீப்பு

நேற்றுத் தாம்பரத்தில் ஏறியதும் காலி இருக்கையில் ஒரு கர்சீப்பைப் பார்த்தேன். சின்ன வயதில் போன பழைய மீட்டர்கேஜ் வண்டியின் இரும்புத்தூள் வாசனை மூக்கில் ஏறியது. அந்த நாட்களில் கூடுவாஞ்சேரிப் பக்கமிருந்து கரி இன்ஜின் வண்டியில் வந்து இறங்குகிறவர்கள், பீச் ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்சீப்பும் துண்டும் வீசி இடம் பிடிப்பார்கள்; பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்றே பாடம் நடத்தும் அம்மா, என்னை இழுத்துக்கொண்டு ஏறி, அவற்றில் ஒன்றை எடுத்து மடித்துவிட்டு அங்கேயே உட்காருவாள். அதை வீசியவர் பாய்ந்து வருவார்.

"இன்னாமா, எடம் புட்சி வெச்சிகீறேன், கண்ணு தெரில?"

"கர்சீப்பு டிக்கெட் எடுத்திருக்கா சார்?" என்பாள் அம்மா.

இப்போது அந்த மீட்டர்கேஜ் தண்டவாளம் இல்லை, அம்மாவும் இல்லை. கர்சீப்பை எடுத்து மடித்தேன், உட்கார்ந்தேன். அதைப் போட்டவன் வந்து கேட்கட்டும்.