தனி ஆவர்த்தனமும் இரண்டு ஜோடி ஸ்பீக்கரும்

போன ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போனேன். வழியில் வேகத்தடை இருபத்தாறு. எதையாவது எண்ணாவிட்டால் எனக்குப் பயணம் ஓடாது.

போன காரியம், ஸ்பீக்கர் பார்க்க. எனக்கல்ல, என் மனைவியின் தம்பி ராமலிங்கத்துக்கு. ரிட்டயர் ஆன கையோடு, தரையில் தூண் மாதிரி நிற்குமே, அந்த ரகத்தில் வாங்குகிறான். புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவர் இரண்டு ஜோடியை வேனில் கொண்டுவந்து அவன் ஹாலிலேயே நிறுத்திவிட்டார். கேட்டுப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். பெரியது விலை ஜாஸ்தி. சின்னது அதில் பாதி.

இதற்கு நான் எதற்கு? அங்கேதான் விஷயம்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் திட்டக்குடியில் ஒரு கல்யாணக் கச்சேரி. ராமலிங்கம் மேடையில் மிருதங்கம் வாசித்தது அந்த ஒரே ஒருமுறைதான். தனி ஆவர்த்தனம் பிரமாதம்... முடிக்கிற இடத்தில் மட்டும் ஒரு தட்டு பிந்திவிட்டான். முன்வரிசையில் எட்டு எட்டாக எண்ணித் தாளம் போட்டுக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதா? அன்றே சொன்னேன். பிறகு பொங்கலுக்குப் பொங்கல் சொன்னேன். அவன் பெண் கல்யாணப் பந்தியிலும் சொன்னேன்.

அவன் ஒத்துக்கொண்டதே இல்லை. ஆனால் மறுபடி மேடையேறவும் இல்லை. அதற்கு நான் காரணமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பதிந்த கேசட்டைப் போட்டால் மிருதங்கம் தகர டப்பா மாதிரி கேட்கும். அதை வைத்து யார் தீர்ப்பு சொல்ல முடியும்? இப்போது பென் டிரைவில் மாற்றி வைத்திருக்கிறான். "நல்ல ஸ்பீக்கர்ல தெரிஞ்சிடும் மாமா. நீங்க வந்து ஒக்காந்து கேளுங்க" என்றான்.

உட்கார்ந்தேன். கடைக்காரர் டேப் வைத்து அளந்து நாற்காலியைப் போட்டார். நான் டைல்ஸை எண்ணி அரை டைல் நகர்த்தச் சொன்னேன்.

முதலில் சின்ன ஜோடி. பரவாயில்லை, தகர டப்பா பித்தளை அண்டாவானது. பின்னால் ஏதோ முணுமுணுப்பு... ஃபேன் சத்தம் என்றேன்.

அடுத்து பெரியது. அடேயப்பா! எங்கோ ஒரு குழந்தை சிணுங்குகிறது. மூன்று இருமல். மிருதங்கம் நேராக அடிவயிற்றில் இறங்குகிறது. கூடவே ஒரு ஆண் குரல் –

"நாலு... அஞ்சு... ஆறு... எட்டு... ஒண்ணு."

அந்த ஒண்ணுக்கு ஒரு தட்டு கழித்து வந்து விழுந்தது மிருதங்கம்.

"கேட்டீங்களா சார் கிளாரிட்டிய?" கடைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கூட்டத்துல யாரோ தாளம் எண்ணுறாரு. ஏழாவத உட்டுட்டாரு பாருங்க!"

அன்றைக்கு டேப் ரெக்கார்டரை மடியில் வைத்திருந்தது யார்? நான்தான்.

ராமலிங்கம் என் பக்கம் திரும்பவில்லை. "இன்னொரு வாட்டி போடுங்க" என்றான். நாற்காலிக் கையில் தட்டித் தட்டி எண்ணினான். எட்டும் எண்ணி முடித்த அடுத்த ஒண்ணில் மிருதங்கம் சரியாக வந்து விழுந்தது. ஐந்து தடவை போட்டார்கள். ஐந்தாவது தடவை உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம கடலூர் அண்ணன் கொரலாச்சே!"

"முப்பத்தொரு வருசம் மாமா" என்றான் ராமலிங்கம்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு. "சின்ன ஜோடியே போதும்டா மச்சான். இதுல வேண்டாத சத்தமெல்லாம் ஜாஸ்தி."

"அந்தச் சத்தத்துக்குத்தான் மாமா இந்த வெல!"

பெரிய ஜோடி அங்கேயே தங்கிவிட்டது. மிருதங்கத்துக்குப் புதுத் தோல் போடக் கொடுத்திருக்கிறானாம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் எண்ணுகிற இடத்தை மட்டும் போட்டுக் காட்டுகிறானாம். இதுவரை பதினாலு பேர் கேட்டுவிட்டார்கள் என்று நேற்று போனில் சொன்னான்.

எண்ணியது அவன். சரியாகத்தான் இருக்கும்.