ஒரே மணி, ஒரே பந்தி

அப்பா இல்லாத முதல் ஆண்டு முடிகிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எதையாவது தப்பாக எழுதி, யாரையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தோடுதான் இந்த நினைவு மடலை எழுதுகிறேன்.

அப்பா மலாய் நாட்டில், கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து, இளைஞராகக் கடற்படையில் சேர்ந்தார். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலம் அது. கப்பலில் எஞ்சின் அறை வேலை. பிறகு துறைமுகத்தில் உழைத்து, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் எங்களை ஆளாக்கினார்.

வீட்டில் அப்பாவின் சட்டம் ஒன்றுதான். எல்லாரும் உட்கார்ந்த பிறகே சோற்றில் கை வைப்பார். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்…" என்று அம்மா இழுத்தால், "அந்த அப்புறம்ங்கிற பேச்சே இங்க வேணாம்" என்பார். குழாய் சரிசெய்ய வந்தவரும் தப்ப முடியாது. காரணம் மட்டும் சொன்னதே இல்லை.

அதை இறுதிச் சடங்கன்று சொன்னவர் யூசோப் அங்கிள். அப்பாவோடு ஒரே கப்பலில் இருந்த மலாய்க்காரர். ஜெஞ்சாரோம் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார்.

"சுதந்திரம் வந்தும் கப்பல்ல வெள்ளைக்காரன் ராஜ்யம்தான். அவன் சாப்பிட்டு முடிச்சாதாம்மா எங்களுக்கு. மலாய்க்காரன், தமிழன், சீனன் எல்லாம் தட்டோட வெளிய நிக்கணும். ஒருநாள் இந்தோனேசியாக்காரனுங்க எங்க கப்பலச் சுட்டுட்டானுங்க. காலையிலேர்ந்து ஒருத்தன் வாயிலயும் பச்சத்தண்ணி இல்ல. சண்டை ஓஞ்சு சாப்பாட்டு மணி அடிச்சதும், மேலதிகாரி எங்களப் பார்த்து, 'நீங்க அப்புறம்'னான். உங்கப்பா தட்டக் கவுத்து வச்சாரு. 'தோட்டா மட்டும் வரிசை பார்த்தா வந்துச்சு, சார்?'னு கேட்டாரு."

"விட்டாங்களா அங்கிள்?"

"எங்க விட்டான்? கரையில எறங்க விடல, கக்கூஸ் கழுவ வச்சான். ஆனா நாங்களும் தட்டக் கவுத்துட்டோம் லா. ரெண்டு வெள்ளைக்காரப் பசங்க கூட! அடுத்த பயணத்துல ஒரே மணி, ஒரே வரிசை. உங்கப்பா போயி கடைசியில நிக்கிறாரு. 'டேய், இதுக்காடா இவ்ளோ சண்டை?'ன்னு கிண்டல் பண்ணோம்."

கருமாதி வந்தது. கிள்ளான் சித்தப்பா வழக்கம்போல், "ஆம்பளைங்க முதல் பந்தி, பொம்பளைங்க ரெண்டாவது. மேசை பத்தாதும்மா" என்றார். பெரியவர்கள் கோபித்துக்கொண்டு போனால்? சாம்பார் தீர்ந்தால்? மழை வந்தால்? ஆனால் அப்பாவுக்காகப் போடும் சோற்றுக்கே சிலர் காத்து நிற்பதா?

"ஒரே பந்தி, சித்தப்பா. இல்லன்னா இலையே போட விடமாட்டேன்" என்றேன்.

சித்தப்பா உற்றுப் பார்த்தார். "அப்படியே அண்ணன் மாதிரியே பேசுற" என்று கூடாரம் கட்டக் கிளம்பினார்.

கீழ்வீட்டு சீன ஆன்டி தம் கடை மேசைகளை அனுப்பினார். சுபாங் ஜெயாவில் இருக்கும் தம்பி லோரியில் ஏற்றி வந்தான். நாற்காலி தூக்கிய யூசோப் அங்கிளைத் தடுத்தால், "பீரங்கிக் குண்டு தூக்குன கைம்மா" என்றார்.

எல்லாரும் உட்கார்ந்தோம். சமையல்காரர்களையும் விடாமல் உட்கார வைத்துவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, பரிமாற ஆளே இல்லை! கூடாரமே என்னைப் பார்த்தது.

சித்தப்பா சிரித்துவிட்டார். சோற்று வாளியை மேசைமேல் வைத்து, பக்கத்தில் இருந்த அம்மாவின் இலையில் பரிமாறி, வாளியை அம்மாவிடம் தள்ளினார். அம்மா அடுத்த இலைக்கு. வாளி அப்படியே கடைசி மேசைவரை போனது. சாம்பாரும் மிஞ்சியது.

மருத்துவமனையில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட தாதியர், தோள் கொடுத்த உறவுகள், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்கவும்.

இன்று ஆண்டுத் திவசத்துக்கும் ஒரே பந்திதான். உட்காருங்கள். பக்கத்து இலையில் பரிமாறிவிட்டு வாளியைத் தள்ளுங்கள்.

மூத்த மகள்