கயிறு பிடித்தவருக்குப் பங்கு

போன கிழமை உட்துறைமுக வீதியிலுள்ள ஒரு கொமினிக்கேஷன் கடையில் அடையாள அட்டையைப் பிரதி எடுக்கக் காத்து நின்றேன். கடைக்காரர் யாருடையதோ ஒரு சான்றிதழை லெமினேட் செய்துகொண்டிருந்தார். அந்த இயந்திரம் சூடேறும்போது ஒரு மணம் வரும், தெரியுமா? பிளாஸ்டிக் கருகப் பார்த்துக் கருகாமல் விட்ட மணம். மற்றவர்களுக்கு இளமையை ஞாபகப்படுத்த மல்லிகை, மழை, மாம்பழம் என்று ஏதாவது இருக்கும். எனக்கு வாய்த்தது இது.

வெளியே வந்த சான்றிதழை எட்டிப் பார்த்தேன். பிறர் காகிதத்தை எட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம்தான், ஆனால் அந்தக் கடையில் நிற்பவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. எங்கள் பழைய இளைஞர் தொண்டர் அமைப்பின் பெயர். கீழே, நிலாவெளிக் கிளைக்குத் தர நட்சத்திரம் வழங்கப்படுகிறது என்று இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்ன ஐயா, பிழையா அடிச்சிட்டனோ?" என்றார் கடைக்காரர்.

"இல்லயில்ல. சாந்தினிக்குத்தானே? தாங்கோ, நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

ஏன் சிரித்தேன் என்று சொல்வதானால், நான் ஒரு காலத்தில் 'தர மேம்பாட்டு இணைப்பாளர்' ஆக இருந்ததையும் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை. கழுத்தில் லெமினேட் செய்த அட்டை தொங்கும். அதைக் கழற்றாமல் சந்தைக்கும் போய் வந்திருக்கிறேன். மீன் விற்பவர்கள் நான் சுகாதாரப் பகுதி ஆள் என்று நினைத்துக் கொஞ்சம் நல்ல மீனாகப் போடுவார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

வேலை இதுதான். எங்கள் கிளைகளில் இளையவர்கள் செய்யும் தொண்டு வேலை எவ்வளவு தரமாக நடக்கிறது என்று பார்க்கக் கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். புதிதாக வந்தவரைச் சேர்த்துக்கொள்கிறார்களா, தாங்களே முடிவெடுக்கிறார்களா, யாருக்கும் காயம் படாமல் கவனிக்கிறார்களா, முடிந்தபின் கூடியிருந்து யோசிக்கிறார்களா என்றெல்லாம் பார்ப்பார். நன்றாக இருந்தால் நட்சத்திரம். இரண்டு தடவை தவறினால் கிளையை மூடி டவுன் கிளையோடு சேர்த்துவிடுவார்கள். மதிப்பீட்டாளர் வருவதற்கு முன் பிள்ளைகளைத் தயார்படுத்துவது என் பொறுப்பு.

மதிப்பீட்டாளர் எதையும் வாங்கக் கூடாது, தேத்தண்ணிகூட. அது கண்டிப்பான விதி. கிண்ணியாவுக்குப் போன ஒருவர் தயிரும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம் என்று கையை ஆட்ட, பிள்ளைகள் அவருக்கு நோன்பு என்று முடிவுகட்டி, மரியாதைக்காகத் தங்கள் தண்ணீர்ப் போத்தல்களையும் ஒளித்துவைத்துவிட்டார்கள். மனிதர் நா வறண்டு பாலத்தைத் தாண்டி வந்து, சீனக்குடாவில் இறங்கித் தன் காசில் இளநீர் குடித்தபிறகுதான் கதைக்கத் தொடங்கினார். கிண்ணியாவுக்கு நட்சத்திரம் கொடுத்தார். அவ்வளவு நல்ல மனிதர்.

நிலாவெளிதான் என் தலையிடி. கடற்கரையில் கிடக்கும் போத்தல் துண்டுகளையும் அறுந்த வலைகளையும் பொறுக்குவார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்குவார்கள். வேலையில் குறையில்லை. ஆனால் நேரசூசி ஒட்டச் சுவர் இல்லை, சுவர் இல்லாத இடத்தில் ஒழுங்கு எங்கே இருக்கும் என்று முதலாவது மதிப்பீட்டில் தவறியதாக எழுதிவிட்டார்கள். இன்னொரு தடவை தவறினால் கிளை போய்விடும். அந்தக் கிளையின் தலைவி சாந்தினி. பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் பிறந்தவள், வாயில் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். அந்த விஷயத்தில் மட்டும் அவள் பகிடி விடவில்லை.

"டவுனுக்கு எண்டால் என்ர பிள்ளையள வீட்டில விடமாட்டினம் அண்ணா. பொம்பிளப் பிள்ளையள் ஒண்டும் வராது. மூடினால் மூடினதுதான்."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே இரண்டு மாதம் அவர்களைப் போட்டு வாட்டினேன். பாயை விரித்து வட்டமாக இருக்கப் பழக்கினேன். வரவேற்புப் பாட்டுப் பழக்கினேன். "நாங்கள் தீர்மானம் எடுக்கும் செயற்பாட்டில் சமமாகப் பங்குபற்றுகிறோம்" என்று ஒவ்வொருவரையும் மூச்சு விடாமல் சொல்ல வைத்தேன். நேரசூசியைப் பெரிய எழுத்தில் அடித்து லெமினேட் செய்து, சுவருக்குப் பதிலாக ஒரு தடியில் கட்டி மணலில் நட்டேன். அந்த மணம் என் சட்டையிலேயே ஒட்டியிருந்த காலம் அது.

வந்தவர் ஒரு மிஸ். கண்ணாடி, கறுப்புச் சப்பாத்து, சிரிக்க யோசிக்கிற முகம். பாட்டு முடிந்தது. வட்டம் போட்டார்கள். முதலாவது பிள்ளை "நாங்கள் தீர்மானம் எடுக்கும்" என்று தொடங்கியபோது, கரையில் சம்மாட்டி சத்தம் வைத்தார். அந்தக் கரையில் வலைக்குச் சொந்தக்காரர் அவர்தான். கடலில் வளைத்துவிட்ட கரைவலையின் இரண்டு கயிறுகளையும் ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை பாரமாகி, கயிறு பின்னுக்குப் போகத் தொடங்கியிருந்தது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். வலை பாரமென்று சத்தம் வந்தால், கரையில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்தவருக்குக் கறிக்கு மீன் ஒரு பங்கு உண்டு. கலியாண வீட்டுக்குப் போகிற வழியில் பட்டு வேட்டியோடு பிடித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாலேயே அசையக் கூடாது என்றேன். சாந்தினி எழும்பிவிட்டாள்.

"குறை நினையாதேங்கோ மிஸ். வலை பாரம். போகாமல் இருக்க ஏலாது."

ஒரு நொடியில் பாய் வெறுமையாகிவிட்டது. நானும் மிஸ்ஸும் பாயைச் சுற்றி வைத்த கற்களும் மிச்சம். தரைப் பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று ஒரு தரம் ஓங்கி அடித்து, என் நேரசூசியைத் தடியிலிருந்து கழற்றிக் கடலுக்குக் கொண்டுபோனது.

"இதுவும் நிகழ்ச்சியில இருக்கிறதா?" என்றார் மிஸ்.

"ஓம் மிஸ். சமூகப் பங்கேற்பு."

அவர் எழும்பி அவர்களுக்குக் கிட்டப் போனார். தோப்பூரிலிருந்து மாமி வீட்டுக்கு வந்து நிற்கிற ஒரு பிள்ளைக்குக் கயிறு பிடிக்கத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவள் தன் காலை அவள் காலுக்கு முட்டுக்கொடுத்து, எங்கே ஊன்றுவது என்று காட்டிக்கொடுத்தாள். சின்னவர்களை அலைக்குக் கிட்ட விடாமல், பின் முனையில் கயிறு சுற்ற வைத்தாள் சாந்தினி. ஒருத்திக்கு உள்ளங்கை உரிந்தது. யாரும் சொல்லாமலே அவளுக்குத் துணி சுற்றி, இடம் மாற்றிவிட்டார்கள். நான் இரண்டு மாதம் பாடமாக்க வைத்ததெல்லாம் அங்கே ஒரு வார்த்தையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

திரும்பிப் பார்த்தால், கறுப்புச் சப்பாத்து இரண்டும் மணலில் கிடக்கின்றன. மிஸ் கயிற்றில் நிற்கிறார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. எல்லாரோடும் சேர்ந்து, வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டுக்கு ஓ போடுகிறார்.

வலை ஏறியது. மீனோடு மீனாக என் நேரசூசியும் வந்தது. லெமினேட் செய்ததால் ஓர் எழுத்தும் அழியவில்லை. சம்மாட்டி அதைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மீன் கூறு போட விரித்துக்கொண்டார். பிறகு பங்கு பிரித்தார். பிள்ளைகளுக்குக் கொடுத்து, மிஸ்ஸுக்கும் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு நீட்டினார். எனக்கு இல்லை. "தம்பி பிடிக்கேல்ல" என்றார்.

மிஸ் பின்வாங்கினார். "நான் ஒன்றும் வாங்கக் கூடாது ஐயா. அன்பளிப்பு வாங்கினால் இந்த மதிப்பீடு செல்லாது."

"அன்பளிப்போ? ஆர் பிள்ளை உங்களுக்கு அன்பளிப்புத் தந்தது? கயிறு பிடிச்சனீங்கள். வேண்டாம் எண்டால் வலையைப் பழிக்கிற மாதிரி."

கரை முழுக்க மிஸ்ஸைப் பார்த்தது. சாந்தினி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மிஸ் மீனை வாங்கினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மீன் அவர் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. "இந்தக் கிளையை நான் மதிப்பிட முடியாது," என்றார். "கயிறும் பிடித்தேன், பங்கும் வாங்கினேன். இனி நானும் அவர்களுடைய ஆள். வேறொருவரை அனுப்பச் சொல்லி எழுதுகிறேன். அதுவரை யாரும் மூட முடியாது, அதுவும் விதிதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதைப் பொரிப்பதா, குழம்பு வைப்பதா?" என்று கேட்டார்.

இதைச் சாந்தினியிடம் சொன்னதுதான் தாமதம், அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த மதிப்பீட்டாளருக்கு எத்தனை மணிக்கு வரச்சொல்ல என்று கேட்டேன்.

"பொறுங்கோ. சம்மாட்டியிட்டக் கேட்டுச் சொல்லுறன்."

அடுத்து வந்தவர் நெடுத்த மனிதர். எல்லாம் கேள்விப்பட்டிருந்தார், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். "எட தம்பி, உந்த உயரத்த வச்சுக்கொண்டு ஏன் பார்த்துக்கொண்டு நிக்கிறீர்?" என்று சம்மாட்டி கேட்டதும் சப்பாத்தோடு ஓடிப்போய்ப் பிடித்தார். அவருக்குக் கிடைத்தது பாரைக் குட்டி. அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படித்தான் மீனோடு திரும்பினார்கள். தலைமைக் காரியாலயத்தில் நிலாவெளிக்கு நேரே 'மதிப்பீடு நிலுவையில்' என்று வருடக்கணக்காகக் கிடந்தது. நட்சத்திரமும் இல்லை, மூடலும் இல்லை. சாந்தினியின் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வந்துகொண்டே இருந்தார்கள்.

நான் மட்டும் கயிற்றைத் தொட்டதில்லை. பிடிக்கக் கை உன்னும். சாந்தினி விடமாட்டாள்.

"நீங்களும் பிடிச்சால் மதிப்பீடு நடக்கேல்ல எண்டு கொழும்புக்கு ஆர் அண்ணா சாட்சி சொல்லுறது? நட்சத்திரம் வரட்டும். அடுத்த நாள் வந்து ஆசை தீரப் பிடியுங்கோ. பெரிய பங்காத் தரச் சொல்லுறன்."

நானும் ஓம் என்றேன். பிறகு வேலை மாறினேன், கலியாணம் கட்டினேன், தலை நரைத்தது. அந்தப் பங்கு அங்கேயே நிற்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சான்றிதழோடு நிலாவெளி பஸ் ஏறினேன். சாந்தினி சாரிக்கு மேல் தொண்டர் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, பழைய இடத்திலேயே நின்றாள். பிள்ளைகள் போத்தல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தோப்பூர்ப் பிள்ளையின் மகளாம்.

"ஆர் வந்து பார்த்தது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் வரேல்ல அண்ணா. இப்ப போட்டோ அனுப்பினால் சரி. அனுப்பின அண்டைக்கே நட்சத்திரம் வந்திட்டுது." சான்றிதழைத் திருப்பிப் பார்த்தாள். "முந்தி இப்பிடி எண்டால் எவ்வளவு மீன் மிச்சம்."

இருவரும் சிரித்தோம். அவள் சீக்கிரம் நிறுத்திவிட்டாள்.

கரையில் வலை வந்துகொண்டிருந்தது. சத்தமில்லை, பாட்டில்லை. உழவு இயந்திரம் ஒன்று மணலில் நிற்க, அதன் பின்னால் பூட்டிய உருளை கயிற்றைத் தானாகச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். பழைய சம்மாட்டி இப்போது இல்லை.

"நட்சத்திரம் வந்திட்டுது அண்ணா," என்றாள் சாந்தினி. "போங்கோ."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். கயிறு ஈரமாக, இறுக்கமாக, என் இடுப்பளவு உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. கையை வைத்தேன்.

"ஐயா, கயிற்றை விடுங்கோ," என்று சாரதி ஆசனத்திலிருந்து குரல் வந்தது. "கை போயிடும்."